ஓடுபாதையில் எடுக்கும் முடிவு: அறிவா, விளைவா?

பயணிகள் விமானம் ஓடுபாதையில் ஓடத் தொடங்கித் தரையை விட்டு எழுவதற்குப் பொதுவாக அரை நிமிடம் முதல் முக்கால் நிமிடம் வரை ஆகும். அதற்குள் ஒரு கருவி பழுதானால் விமானி ஓட்டத்தை நிறுத்த வேண்டும், அல்லது தொடர்ந்து மேலெழ வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. முடிவைத் தள்ளிப்போடவும் இயலாது; தள்ளிப்போட்டால் அதுவே தொடர்வதாகிவிடும். எல்லாம் தெரிவதற்கு முன்பே செயல்பட்டாக வேண்டிய ஒருவரின் முடிவைச் சரி என்றோ தவறு என்றோ எதைக் கொண்டு சொல்வது? முடிவெடுத்த கணத்தில் அவருக்கு இருந்த அறிவைக் கொண்டா, பின்னால் நேர்ந்த விளைவைக் கொண்டா? அறவியலின் மிகப் பழைய இந்தக் கேள்வியை அந்த அரை நிமிடம் தெளிவாகக் காட்டுகிறது.

முன்கூட்டியே செய்த சிந்தனை

ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் முன் விமானத்தின் எடை, ஓடுபாதையின் நீளம், காற்று, வெப்பநிலை, தரையின் ஈரம் ஆகியவற்றைக் கொண்டு ‘வி-1’ என்ற வேகம் கணக்கிடப்படுகிறது. நிறுத்துவதானால் அதற்கான முதல் செயலை அந்த வேகத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். அதைத் தாண்டியபின் பிரேக் போட்டால் மிச்சமிருக்கும் ஓடுபாதைக்குள் விமானம் நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே வி-1க்குப் பிறகு ஓர் எஞ்சின் நின்றுபோனாலும் மேலெழுந்து, சுற்றி வந்து தரையிறங்குவதே முறை.

வி-1க்கு முன்பும் ஒரு படி உண்டு. பல நிறுவனங்களின் நடைமுறையில் 80 அல்லது 100 நாட் வரை, அதாவது மணிக்கு ஏறக்குறைய 150 அல்லது 185 கிலோமீட்டர் வரை, அநேகமாக எந்தக் கோளாறுக்கும் ஓட்டத்தை நிறுத்தலாம். அதற்கு மேல் எஞ்சின் செயலிழப்பு, தீ, விமானம் பறக்குமா என்ற ஐயம் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே நிறுத்தலாம். அந்த வேகத்தில் நிறுத்துவதே ஓர் ஆபத்து. பிரேக்குகள் கொதிக்கலாம், டயர்கள் வெடிக்கலாம், விமானம் ஓடுபாதையைத் தாண்டி ஓடிவிடலாம். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவான புறப்பாட்டுப் பாதுகாப்புப் பயிற்சி ஏட்டுக்காக இத்தகைய விபத்துகள் ஆராயப்பட்டன. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் நிறுத்தும் முயற்சி வி-1ஐக் கடந்த பிறகே தொடங்கியிருந்தது. எதிர்பாராத ஒன்றைக் கண்டவுடன் நிற்கத் தோன்றுவது இயல்பு. அந்த இயல்பையே முன்யோசனையால் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது.

திருக்குறள் ‘தெரிந்து செயல்வகை’, ‘வலியறிதல்’, ‘காலமறிதல்’ ஆகிய மூன்று அதிகாரங்களையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறது. தொடங்கிவிட்டுப் பிறகு எண்ணிப் பார்க்கலாம் என்பதை அது குற்றமாகவே கருதுகிறது. வி-1 கணக்கிலும் இந்த மூன்றும் உள்ளன: செய்யப்போவதை ஆராய்தல், இயந்திரத்தின் வலிமையை அளத்தல், எந்தக் கணம் வரை மனம் மாற இடமுண்டு என்று வரையறுத்தல். பலர் நிதானமாக உட்கார்ந்து யோசித்ததன் பலன், யோசிக்க நேரமில்லாத ஒருவரின் கைக்கு ஒற்றை எண்ணாக வந்து சேர்கிறது.

ஒரே கோளாறு, இரண்டு முடிவுகள்

1996 பிப்ரவரி 6 இரவு. டொமினிகன் குடியரசின் புவேர்ட்டோ பிளாட்டா நகரிலிருந்து ஜெர்மனிக்குச் செல்லவேண்டிய பிர்கன்ஏர் நிறுவனத்தின் போயிங் 757 ஓடத் தொடங்கியது. 80 நாட் வேகத்தில் இரு விமானிகளின் வேகமானிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். கேப்டனின் வேகமானி வேலை செய்யவில்லை. துணை விமானியுடையது சரியாகக் காட்டியது. நிறுத்துவதற்கு இடமிருந்த வேகம் அது. கேப்டன் தொடர்ந்தார்.

வெளிக்காற்று வந்து மோதும் அழுத்தத்தைப் பிட்டோ குழாய் என்ற மெல்லிய குழாய் பெறுகிறது. அதற்கும் சுற்றுப்புறக் காற்றழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டையே வேகமானி வேகமாகக் காட்டுகிறது. கேப்டன் பக்கத்துக் குழாய் அடைபட்டிருந்தது. விமானம் சில நாட்களாகப் பறக்காமல் நின்றிருந்தது; குழாய்களுக்கு உறை மாட்டப்படவில்லை; மண்கூடு கட்டும் குளவி உள்ளே புகுந்திருக்கலாம் என்று விசாரணை கருதியது. குழாய்க்குள் அழுத்தம் சிறைப்பட்டுக் கிடக்க, உயரம் கூடக்கூட வெளியழுத்தம் குறைந்தது. அதனால் செத்துக் கிடந்த வேகமானி உயிர்பெற்றதுபோலத் தோன்றி, பிறகு பொய்யாக ஏறிக்கொண்டே போனது. ஆட்டோபைலட் அந்தப் பொய்யை நம்பி மூக்கை உயர்த்தி வேகத்தைக் குறைத்தது. அளவுமீறிய வேகம் என்ற எச்சரிக்கை ஒலித்தது. சற்று நேரத்தில், வேகம் போதாது என்று உணர்த்தும் கட்டுப்பாட்டுத் தண்டின் அதிர்வும் தொடங்கியது. எதை நம்புவது என்று விமானிகள் குழம்பியிருக்க, இறக்கைகள் தூக்குவிசையை இழந்தன. புறப்பட்ட ஏறக்குறைய 5 நிமிடத்தில் விமானம் அட்லாண்டிக் கடலில் விழுந்தது. 189 பேரும் இறந்தனர். தண்டின் அதிர்வு எதைச் சொல்கிறது என்பதை உணர்ந்து விமானத்தை மீட்கத் தவறியதே விபத்துக்குக் காரணம் என்று விசாரணை அறிக்கை முடிவு செய்தது.

2018 ஜூலை 18 இரவு, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலிருந்து கோலாலம்பூருக்கு மலேசியா ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ330 புறப்பட்டது. பிரிஸ்பேனிலும் குளவித் தொல்லை உண்டு. அதற்காகவே விமானம் நின்றிருந்தபோது மூன்று பிட்டோ குழாய்களுக்கும் உறை மாட்டியிருந்தார்கள், கழற்ற மறந்துவிட்டார்கள். விமானத்தைச் சுற்றி வந்து பார்க்கும் சோதனையிலும் யாரும் கவனிக்கவில்லை. ஓடுபாதையில் வேகம் கிடைக்கவில்லை என்ற குறிப்பு திரையில் தோன்றியது. பாதுகாப்பாக நிறுத்தும் வேகத்தைக் கடந்த பிறகே விமானிகள் அதை உணர்ந்து செயல்பட்டார்கள். மேலே சென்றபின் அவர்கள் வேகமானித் தரவுகளை அணைத்தார்கள். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தைக் கொண்டு இயங்கும் மாற்று அளவுகோலைப் பயன்படுத்தினார்கள். வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையம் தரைவேகத்தைச் சொல்லி உதவியது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் 229 பேரும் காயமின்றித் தரையிறங்கினார்கள்.

இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரு நெருடல் எழுகிறது. ஓடுபாதையில் நடந்ததை மட்டும் எடுத்துக்கொண்டால் பிரிஸ்பேனில் கவனப்பிழைகள் அதிகம். அங்கே மூன்று குழாய்களும் மூடியிருந்தன. அதைப் பலர் கண்டிருக்க முடியும். புவேர்ட்டோ பிளாட்டாவில் ஒரு வேகமானி மட்டுமே பழுது. அதைக் கேப்டன் உரிய நேரத்தில் கண்டுகொண்டார். துணை விமானியின் கருவி நன்றாகவே இருந்தது. ஆனாலும் பலரின் நினைவில் முதலாவது பெரும் குற்றமாகவும் இரண்டாவது தப்பிப் பிழைத்த ஒரு சம்பவமாகவும் பதிந்திருக்கின்றன. 189 உயிர்கள் போனதும் 229 உயிர்கள் மிஞ்சியதும் முடிவுகளைப் பற்றிய நம் மதிப்பீட்டையே மாற்றிவிடுகின்றன.

விளைவு தீர்ப்பளிக்கலாமா?

இந்த நெருடலை மேற்கத்தியச் சிந்தனையாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். செயலின் அறமதிப்பு அதைச் செய்பவரின் நல்லெண்ணத்தில் மட்டுமே இருக்கிறது; அந்த எண்ணம் பலிக்காமல் போனாலும் அதன் மதிப்பு குறைவதில்லை என்றார் காண்ட். நல்வாய்ப்பும் கேடும் மனிதரின் பாராட்டையும் கண்டனத்தையும் எப்படி வளைக்கின்றன என்பதை ஆடம் ஸ்மித் 1759இல் வெளிவந்த தம் அறவியல் நூலில் விரிவாக எழுதினார். 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் இதற்கு ‘ஒழுக்க அதிர்ஷ்டம்’ என்று பொருள்படும் பெயரைத் தந்து விவாதித்தனர். ஒரே அளவு அசட்டையாக வண்டி ஓட்டும் இருவரில் ஒருவர் முன் குழந்தை ஓடிவருகிறது, மற்றவர் முன் யாரும் வருவதில்லை. அசட்டை ஒன்றே, உலகம் தரும் தண்டனையோ வெவ்வேறு. கைக்கு அடங்காத ஒன்றுக்காக ஒருவரைக் குற்றவாளி ஆக்குவது நியாயமா என்று நேகல் கேட்டார். விளைவை முற்றிலும் ஒதுக்கிவிட்டால் செய்தவருக்கும் செய்கைக்கும் உள்ள உறவே அறுந்துவிடுமோ என்ற கவலையும் அவருக்கு இருந்தது.

தமிழ் மரபில் இதே வழக்கு மனுநீதிச் சோழன் கதையாக நிற்கிறது. இளவரசனின் தேர்க்காலில் கன்று பாய்ந்து இறந்தது. கொல்லும் எண்ணம் இளவரசனுக்கு இல்லை. கன்று வந்ததை அவன் பார்க்கவும் இல்லை. கழுவாய் செய்தால் போதும் என்று அமைச்சர்கள் வாதிட்டார்கள். அரசன் ஏற்கவில்லை. பெரியபுராணம் இருதரப்புக்கும் இடம் கொடுத்தே கதையைச் சொல்கிறது. அமைச்சர்கள் பேசுவது அறியாமல் செய்தவனின் அறத்தை. கன்றை இழந்த பசுவின் துயரை இந்த வாதம் எங்கே கணக்கில் சேர்க்கிறது என்பதே அரசனின் கேள்வி. எண்ணத்தை மட்டும் பார்க்கும் அறத்தில் பசுவுக்கு இடமில்லை. விளைவை மட்டும் பார்க்கும் அறத்தில் இளவரசனுக்கு இடமில்லை.

பௌத்தம் வினையின் வேரை எண்ணத்தில் வைக்கிறது. அப்படியிருந்தும் மிலிந்த பன்ஹா என்ற பௌத்த நூலில் துறவி நாகசேனர், அறிந்து செய்பவனைவிட அறியாமல் தீமை செய்பவனுக்கே பாவம் மிகுதி என்கிறார். பழுக்கக் காய்ச்சிய இரும்பு என்று தெரிந்து தொடுபவன் எச்சரிக்கையாகத் தொடுவான். தெரியாதவனுக்கே கை மிகுதியாகப் பொசுங்கும் என்பது அவர் காட்டும் காரணம். தண்டனையைப் பற்றிய வாதமாக எடுத்துக்கொண்டால் இது கடுமையானது. அறியாமையின் தன்மையைப் பற்றிய கூற்றாகப் பார்த்தால் இதில் உண்மை இருக்கிறது: எண்ணம் தூய்மையாக இருப்பது ஆபத்தைக் குறைப்பதில்லை, அறிவுதான் குறைக்கிறது.

எந்தக் கருவியை நம்புவது?

அப்படியானால் முடிவெடுத்த கணத்தில் இருந்த அறிவு எத்தகையது என்பதை முதலில் பார்க்க வேண்டும். இந்தியத் தத்துவ மரபில் அளவைகளைப் பற்றிய விவாதம் இங்கே நேரடியாகப் பொருந்துகிறது. ஓர் அறிவு தானாகவே நம்பத்தக்கது, அதைப் பொய்யாக்கும் காரணம் தோன்றும் வரை அதை ஏற்கலாம் என்பது மீமாம்சகரின் நிலை. அறிவின் உண்மையை வேறொன்றைக் கொண்டே உறுதி செய்ய வேண்டும், அதன்படி செயல்பட்டுப் பயன் கிடைத்தால் அது மெய் என்பது நியாய மரபின் நிலை.

அன்றாட வாழ்வில் இரண்டும் சேர்ந்தே இயங்குகின்றன. பறப்பதும் மீமாம்சகரின் வழியில்தான் தொடங்குகிறது. ஒவ்வொரு கருவியையும் முதலிலிருந்து ஐயுற்றால் எந்த விமானமும் புறப்படாது. ஆனால் பொய்யாக்கும் காரணம் தோன்றியபின் நியாயத்தின் வழிக்கு மாற வேண்டும், அங்கேதான் இடர் பிறக்கிறது. செயல்பட்டுப் பார்த்து உறுதி செய்யலாம் என்பது திரும்பி வர முடிகிற செயலுக்கே பொருந்தும். வேகமானி மெய்யா பொய்யா என்பதைப் பறந்து பார்த்துச் சோதிக்க முடியாது. சோதனை முடியும்போது ஓடுபாதை பின்னால் போயிருக்கும்.

80 நாட்டில் இரு கருவிகளையும் ஒப்பிடும் வழக்கம் இதற்காகவே ஏற்பட்டது. வேறொன்றைக் கொண்டு உறுதி செய்யும் வேலையை, திரும்பி வர இன்னும் வழியிருக்கும் கணத்துக்குள் அது முடித்துவிடுகிறது. புவேர்ட்டோ பிளாட்டாவில் இந்தச் சோதனை தன் வேலையைச் செய்தது. ஒரு கருவி பொய் என்று சொல்லியது. அந்த அறிவு பிறகு கைவிடப்பட்டது. மேலே சென்றதும் கேப்டனின் வேகமானி மீண்டும் எண்களைக் காட்டியபோது, அது பொய்த்த கருவி என்ற நினைவு வலுவிழந்தது. ஒருமுறை பொய்த்த சாட்சி தெளிவாகப் பேசத் தொடங்கியவுடன் அதை மீண்டும் நம்பியதே அங்கே நேர்ந்த அறிவுப் பிழை. ஓட்டத்தைத் தொடர்ந்த முடிவு ஒன்றே அந்த விமானத்தைக் கடலில் தள்ளவில்லை. நல்ல வேகமானியைப் பற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்க முடியும்.

அறியாமைக்கும் அளவு உண்டு

கத்தோலிக்க அறவியல், குறிப்பாகத் தாமஸ் அக்குவினாஸின் மரபு, அறியாமையை இரண்டாகப் பிரிக்கிறது. உரிய முயற்சியால் நீக்கியிருக்கக் கூடியது ஒன்று. எவ்வளவு முயன்றாலும் நீக்க முடியாதது மற்றொன்று. முதலாவது பொறுப்பிலிருந்து விடுவிப்பதில்லை, இரண்டாவது விடுவிக்கிறது. விமான விபத்துகளில் இந்தப் பிரிவு கூர்மையாகத் தெரிகிறது.

பிரிஸ்பேனில் உறைகள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருந்தன. அந்த அறியாமை நீக்கியிருக்கக் கூடியது. அதன் பொறுப்பு விமானி அறைக்குள் மட்டும் தங்கவில்லை. உறை மாட்டியவர், கழற்ற வேண்டியவர், சுற்றிப் பார்த்தவர், அவர்களுக்கு நடைமுறை வகுத்த நிறுவனங்கள் என்று அது பலர்மேல் பரவுகிறது.

2008 ஆகஸ்ட் 20 அன்று மாட்ரிட் நகரில் நடந்தது இதைவிடச் சிக்கலானது. ஸ்பேன்ஏர் விமானம் ஒன்றில் வெளிவெப்பத்தை அளக்கும் உணரி தரையிலேயே சூடேறியது. பறத்தலுக்கு இன்றியமையாத கருவி அன்று என்பதால், அதன் சூடேற்றியைத் துண்டித்துவிட்டுப் புறப்பட விதி இடம் கொடுத்தது. எந்தெந்தக் கருவி பழுதானாலும் எந்தக் கட்டுப்பாட்டோடு பறக்கலாம் என்று முன்பே வகுத்த பட்டியல் ஒவ்வொரு விமானத்துக்கும் உண்டு. ஆனால் பழுதுக்காக நிறுத்துமிடத்துக்குத் திரும்பி வந்ததிலும் தாமதத்திலும் அவசரத்திலும், விமானம் மேலெழத் தேவையான இறக்கையின் ஃப்ளாப்புகளை விமானிகள் விரிக்கத் தவறினார்கள். அதைச் சொல்லவேண்டிய எச்சரிக்கை ஒலிக்கவில்லை. 154 பேர் இறந்தனர். 18 பேர் பிழைத்தனர். சிறியது என்று சரியாகவே வகைப்படுத்தப்பட்ட ஒரு கோளாறு, மனிதரின் கவனத்தைக் கலைத்ததன் வழியாகப் பெரிதானது. ஒரு பழுதின் அளவைப் பழுதான பாகம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதைச் சுற்றி எஞ்சியிருக்கும் நேரமும் கவனமும் அந்த அளவில் சேரும்.

விதியை மீறிய சரி

விதி முன்கூட்டியே செய்த சிந்தனை என்றால், அந்தச் சிந்தனை எண்ணிப் பார்க்காத நிலை வந்தால் என்ன செய்வது? சட்டம் பொதுவாகப் பேசுகிறது, நிகழ்வோ தனித்தன்மை கொண்டது என்று அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலின் ஐந்தாம் பகுதியில் எழுதினார். சட்டம் இயற்றியவர் இப்போது இங்கே இருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, அதைச் செய்வதே உயர்ந்த நீதி என்பது அவர் கருத்து.

2017 மார்ச் 8 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், இப்சிலாண்டி நகரின் வில்லோ ரன் விமான நிலையத்தில் அப்படி ஒரு கணம் வந்தது. 116 பேருடன் ஓடிய எம்டி-83 விமானம் வி-1ஐக் கடந்து, மூக்கைத் தூக்க வேண்டிய வேகத்தையும் எட்டியது. விமானி கட்டுப்பாட்டுத் தண்டை இழுத்தார், மூக்கு எழவில்லை. விமானம் நின்றிருந்தபோது அடித்த பலத்த காற்றில் மூக்கைத் தூக்க உதவும், வாலில் உள்ள எலிவேட்டர் சிக்கிக்கொண்டிருந்தது. புறப்படும் முன் செய்யும் வழக்கமான சோதனைகளால் அதைக் கண்டிருக்க முடியாது. வி-1க்குப் பின் நிறுத்தக் கூடாது என்ற பயிற்சியையும் மீறி விமானி நிறுத்தினார். உடனிருந்த பயிற்றுநர் அந்த முடிவில் குறுக்கிடவில்லை. விமானம் ஓடுபாதையைத் தாண்டி ஓடி, சேதமடைந்து நின்றது. 116 பேரும் உயிர் பிழைத்தனர். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விமானியின் முடிவைச் சரி என்றும், குறுக்கிடாத பயிற்றுநரின் கட்டுப்பாட்டைப் பாராட்டத்தக்கது என்றும் சொன்னது.

இங்கே நியாயம் எதில் இருக்கிறது? அனைவரும் பிழைத்ததில் இல்லை. வி-1 விதி விமானம் பறக்கும் என்ற அடிப்படையில் எழுந்தது. அந்த அடிப்படை இடிந்துவிட்டது என்பதைத் தண்டு விமானியின் கையில் நேரடியாகச் சொன்னது. ஓடுபாதைக்கு அப்பால் ஒரு பள்ளத்தாக்கு இருந்து எல்லோரும் இறந்திருந்தாலும், அந்த அறிவோடு எடுத்த அந்த முடிவு சரியானதாகவே இருந்திருக்கும். அதேபோல், ஐயத்தின் பேரில் மட்டும் வி-1க்குப் பின் நிறுத்தித் தப்பித்த ஒருவருடைய முடிவு தவறானதாகவே இருக்கும்.

விளைவின் உண்மையான அதிகாரம்

ஆகவே முடிவை மதிப்பிடும் அளவுகோல், அந்தக் கணத்தில் இருந்த அறிவும் அந்த அறிவைப் பெற எடுத்த முயற்சியும் ஆகும். விளைவு அந்த நீதிமன்றத்தில் நீதிபதியாக முடியாது. அதற்காக விளைவுக்கு அறத்தில் இடமே இல்லை என்றாகாது. வேறு இரண்டு இடங்களில் அதற்கு அதிகாரம் உண்டு.

முதலாவது, செய்தவரின் மனம். குற்றமற்றவராயினும் தம் கையால் நேர்ந்த கேட்டுக்காக ஒருவர் வருந்துவது, அருகில் நின்று பார்த்தவரின் வருத்தத்திலிருந்து வேறுபட்டது என்றார் வில்லியம்ஸ். அந்த வருத்தத்தை நோய் என்றோ மடமை என்றோ ஒதுக்க முடியாது. அது இல்லாதவரை நாம் மனிதராகவே மதிக்கத் தயங்குவோம். மனுநீதிச் சோழன் பசுவின் முன் உணர்ந்ததும் இவ்வகையானதே.

இரண்டாவது, பின்னால் வருபவர்களின் கடமை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆம் இணைப்பு, விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இனி விபத்து நேராமல் தடுப்பதே என்றும், பழி சுமத்துவது அதன் நோக்கமாகாது என்றும் வரையறுக்கிறது. இதைச் சிலர் கருணை என்றும் சிலர் நழுவல் என்றும் கருதுவதுண்டு. உண்மையில் இது தெளிந்த அறநிலை. இறந்தவர்களுக்குச் செலுத்த வேண்டிய கடன் ஒன்று உண்டு. அதை ஒருவரைத் தண்டிப்பதால் மட்டும் தீர்க்க முடியாது, அறிவாக மாற்றினால்தான் தீரும்.

பிரிஸ்பேனில் 229 பேர் பிழைத்ததை வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட முடியாததும் இதனால்தான். புவேர்ட்டோ பிளாட்டாவுக்கும் பிரிஸ்பேனுக்கும் இடைப்பட்ட 22 ஆண்டுகளில், வேகமானி பொய் சொன்னால் என்ன செய்வது என்ற பயிற்சி வலுவடைந்தது. வேகமானியைச் சாராத மாற்று அளவுகோல்கள் வந்தன. பிரிஸ்பேன் விமானிகளுக்குக் கைகொடுத்த அறிவில் முந்தைய விபத்துகளில் இறந்தவர்களின் பங்கும் இருந்தது. நேற்றைய முடிவை இன்றைய அறிவைக் கொண்டு கண்டிப்பது அநீதி. நேற்றைய விளைவு தந்த அறிவைக் கற்காமல் நாளை முடிவெடுக்க உட்காருவது குற்றம். நேற்று மன்னிக்கத்தக்கதாக இருந்த அறியாமையை அந்த விளைவு நாளைக்கு மன்னிக்க முடியாததாக்கிவிடுகிறது. பொறுப்பின் எல்லை ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் இவ்வாறே விரிகிறது.